விட்டுக்கொடுத்த நாட்கள்

மாதத்தில் எந்தெந்த நாள் வீட்டில் இருக்கலாம் என்று விமானிகள் கேட்டு வாங்குவது பெரிய வித்தை ஒன்றுமில்லை, இஸ்மாயில் பாய். கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஆசையைத் தட்டிவிட்டால் போதும். சர்வீஸ் வரிசைப்படி மேலிருந்து கொடுத்துக்கொண்டே வரும். கேப்டன்களில் நான் மூத்தவன். புதிதாகக் கேப்டனான உங்கள் மகன் ஜாசிம் கடைசி. கடைசியில் இருப்பவன் அளவாகக் கேட்க வேண்டும். இரண்டு வாரம் இல்லாவிட்டால் ஒரு வாரம், அதுவும் இல்லையா, நாலு நாள் என்று இறங்கி இறங்கி எழுதினால் ஏதாவது ஒன்று மாட்டும்.

இதை நான் ஜாசிமுக்குச் சொல்லவில்லை.

2007 அக்டோபரில் சென்னை கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தான். "சமீஹாவுக்கு அடுத்த மாசம் டெலிவரிங்க சார். முன்கூட்டியே மதுரைக்குக் கொண்டுபோய் வைக்கணும்னு டாக்டர் கண்டிசனா சொல்லிட்டாரு. நானே கூட்டிட்டுப் போகணும். எப்பிடிக் கேட்டா லீவு கெடைக்கும்?"

"ரெண்டு வாரத்தையும் மொத்தமாக் கேளு. வேற எதையும் எழுதாத" என்றேன். போகும்போது என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனான். நல்ல பையன்.

அப்படிக் கேட்டால் கம்ப்யூட்டர் மொத்தமாகத் தள்ளிவிடும். எதற்கும் இருக்கட்டும் என்று அதே நாட்களை நானும் கேட்டு வாங்கினேன். எனக்கு ஒரு சோலியும் இல்லை.

என் மனைவி சுதாராணிக்குக் குழந்தை இறந்தே பிறந்த அன்று நான் கல்கத்தாவில் இருந்தேன். மூத்தவர்களிடம் கெஞ்சியும் ஒருத்தரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னோடு வாழவில்லை. நான் பட்டதை இவன் மட்டும் ஏன் படக்கூடாது? வயிறு எரிந்தது, பாய்.

மலைமேல் நாயுடுபுரத்தில் நம் வீடுகளுக்கு நடுவே ஒரு சுவர்தான். லீவுக்கு வந்து ஓய்வாக இருந்தேன். மருமகளை நீங்களே மதுரைக்கு அழைத்துப்போகக் கிளம்பினீர்கள். "ஜாசிம் யார்கிட்டயாவது டூட்டியை மாத்திட்டு வந்துருவான், பொறுங்க பாய்" என்றேன். பொறுத்தீர்கள்.

இரத்தப்போக்கு என்று காலையில் நீங்கள் கதவைத் தட்டியதும் காரை எடுத்தது நான்தான். நீங்கள் முன்னால், பின்னால் உங்கள் மனைவி ரஹ்மத் பீவியின் மடியில் சமீஹா. பெருமாள்மலை தாண்டியதும் கேட்டாள். "லீவு கேட்டேன்னு சொன்னாருங்களே சார், ஏன் கெடைக்கல?"

வளைவைப் பார்த்து வண்டியைத் திருப்பியபடியே சொன்னேன். "அவன் கேக்கவே இல்லையேம்மா. கேட்டிருந்தா எனக்குக் கெடச்ச மாதிரி அவனுக்கும் கெடச்சிருக்கும்."

அவள் மாமியார் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வத்தலக்குண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது உயிர் இல்லை. குழந்தையும் பிழைக்கவில்லை.

ஓடி வந்த ஜாசிமை நீங்கள் வாசலிலேயே மறித்தீர்கள். "கேட்டேன் அத்தா, சத்தியமாக் கேட்டேன்" என்று அழுதான்.

"ஏலே, பொய் பேசாத. கேப்டன் சார் இந்தா நிக்கிறாரு. அவருக்கு மட்டும் எப்பிடிக் கெடச்சுச்சு?" என்றீர்கள். நான் உங்கள் தோளைப் பிடித்துச் சமாதானம் செய்தேன்.

அன்று துரத்திவிட்டவனை இனி வீட்டுக்குள் விடுங்கள், பாய். அவன் கேட்டது உண்மை. அடுத்த மாதத்துக்கு நான் எந்த நாளும் கேட்கப்போவதில்லை. வேண்டியதை ஜாசிம் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு யாரும் செய்யாததை நான் அவனுக்குச் செய்கிறேன்.