துணி விரிக்காத மேசை

அவைக்குத் தலைமை தாங்கி, அறிவால் எங்களை ஆளும் ரப்பி மதித்யாகு அவர்களே! முப்பது ஆண்டுகளாக நம் ஊர் யூதர்களின் அடக்கச் சங்கத்தைத் தோளில் சுமந்துவரும் தலைவர் ரெப் லேசர் அவர்களே! இறந்தவரைக் குளிப்பாட்டும் கைகளே, உறைந்த மண்ணிலும் குழி வெட்டும் கைகளே, அந்தக் கைகளுக்கு உரிய பெரியோர்களே! பையும் இல்லாத, முடிச்சும் இல்லாத வெள்ளை அடக்க அங்கிகளை நம் எல்லோருக்கும் முன்கூட்டியே தைத்து வைத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்து, 'இவன் என்ன உளறப் போகிறானோ' என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் ஃப்ரூமா அம்மா அவர்களே! உங்கள் அனைவருக்கும் தச்சன் யுதெலின் தாழ்ந்த வணக்கம்.

இன்று நம் ஆசான் மோசே மறைந்த நாள். மன்னன் மறைந்தால் மண்ணள்ளிப் போட மாநிலமே வரும். மோசே மறைந்தபோது யார் வந்தார்? மக்கள் வந்தார்களா? மகன்கள் வந்தார்களா? ஆண்டவனே வந்தான், அடக்கம் செய்தான்! ஆண்டவன் செய்த அந்தத் தொண்டையல்லவா நாம் செய்கிறோம்? பதிலுக்கு நன்றி சொல்ல எழுந்து வராதவர்களுக்கு அல்லவா செய்கிறோம்? அதனால்தான் ஆண்டுக்கொரு முறை இந்த நாளில் பகல் முழுதும் நோன்பிருந்து, 'எங்கள் கை எங்கேனும் தவறியிருந்தால் மன்னியுங்கள்' என்று கல்லறைகளிடம் கேட்டுவிட்டு, இப்படி ஒன்றாக உண்ண உட்காருகிறோம்.

என்ன, பின்வரிசையில் பெருமூச்சு கேட்கிறது? பசிக்கிறதா? பசிக்கட்டும் ஐயா, பசியோடு கேட்க வேண்டிய கதை இது.

என் முன்னால் ஒரு மேசை. அதன்மேல் வெள்ளை வெளேரென்று ஒரு துணி. யார் விரித்தது? சங்கத்தின் இளைஞர்களா? நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பேசி முடிப்பதற்குள் இந்தத் துணியை எடுத்துவிடுவேன். ஏன் என்று கேளுங்கள்.

மர வணிகர் ரெப் எல்யாகிமை உங்களில் பாதிப் பேருக்கு நினைவிருக்கும். நெமன் ஆற்றில் மிதந்து போன மரக்கட்டைகளில் பாதி அவருடையவை. அந்த மரங்களில் மிகச் சிறந்த ஓக் மரம் ஒன்றை விற்காமல் வைத்து, ஒரே மரத்தில் அறுத்த மூன்று அகலப் பலகைகளால் தம் வீட்டு முன்னறைக்கு ஒரு மேசை செய்துகொண்டார். அதில் யாரும் சாப்பிட்டதில்லை. வெள்ளிதோறும் தம் கையாலேயே மெழுகு தேய்ப்பார். தேய்த்துவிட்டுக் குனிந்து, அதில் தெரியும் தம் தாடியைப் பார்ப்பார்.

ஒரு நாள் என் பட்டறைக்கு வந்தார்.

"யுதெல், என் மேசையப் பாத்திருக்கேல்ல? நான் போனா எனக்கு அதுலதான் பெட்டி செய்யணும். சங்கத்துப் பதிவேட்டுல எழுதிரு."

அவர் எதைக் கேட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். ஏழைகளுக்குச் சோறு போட்ட மேசையை உடைத்து, அந்தப் பலகையிலேயே பெட்டி செய்து படுக்க வைப்பது நம் முன்னோரில் சான்றோர்க்கு இருந்த வழக்கம். மேலுலக நீதிமன்றத்தில் நாக்கு குழறும், அப்போது அந்தப் பலகை சாட்சி சொல்லும் என்பார்கள். ரெப் எல்யாகிம் கேட்டது அந்தப் பெருமையை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இல்லை என்று யாரும் சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும்.

"தாராளமா எழுதிரலாம் ஐயா. ஆனா மேலே போயி அது என்னன்னு சாட்சி சொல்லும்? 'என் மேலே ஒரு தூசு விழாமப் பாத்துக்கிட்டாரு'ன்னா?"

அவர் முகம் கறுத்தது. திரும்பிப் போய்விட்டார். ஆனால் அடுத்த வாரமே அந்த வீட்டுக் கதவு திறந்தது! நண்பகலில் பார்லிக் கஞ்சி, கறுப்பு ரொட்டி, உப்பு மீன். வருகிறவர்கள் வரலாம் என்று சொல்லி அனுப்பினார். பதிவேட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் போய்ப் பார்த்தேன். தடித்த துணியை இரண்டாக மடித்து மேசைமேல் விரித்திருந்தார். தண்ணீர் சுமக்கும் கெட்ஸல் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் அவர் கண்ணும் கூடவே போனது.

கெட்ஸல் சும்மா இருப்பானா? "முதலாளி, கஞ்சி என் வாய்க்கு வருது, உங்க கண்ணு என் வயித்துக்குள்ள வருதே. கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க, தொண்டையில எறங்க மாட்டேங்குது!"

நானும் விட்டேனா? "துணி விரிச்சா சாட்சி துணிக்குத்தான் ஐயா. மேசைக்கு என்ன தெரியும், பாவம்?"

அன்று அவர் துணியை உருவினார். சூடான பானை இறங்கிய இடத்தில் முதல் வளையம் விழுந்தது. அவர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார் என்று அவர் மனைவி ஃப்ரூமா அம்மா பிறகு சொன்னார்கள். இரண்டாவது வளையத்துக்கு உட்கார்ந்தே இருந்தார். பத்தாவது வளையத்துக்குக் கெட்ஸலுக்கு ரொட்டி நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நறுக்கிய கத்தி மேசையில் கோடு கிழித்ததை அவர் கவனிக்கவேயில்லை!

பெரியோர்களே! பெட்டிக்காகச் சோறு போட்டவர், சோற்றுக்காகப் பெட்டியை மறந்தது எந்த நாளில்? யாருக்குத் தெரியும்? மூன்று குளிர்காலம் ஓடியது. மெழுகு தேய்ப்பது நின்றது. மரமும் மனிதரும் ஒருசேர மாறிப்போனார்கள். இதை நான் கவனித்தேனா? இல்லை. என் தவறு அதுதான், தாய்மார்களே. மேசையைப் பார்த்தேன், மனிதரைப் பார்க்கவில்லை.

ஒரு காலையில் அவர் கண் மூடினார். உடலைக் குளிப்பாட்டச் சங்கத்தார் உள்ளே போனார்கள். அன்றே அடக்கம் செய்ய வேண்டும், எனக்கு அவசரம். பதிவேட்டில் எழுதியிருக்கிறதே, பிறகு யாரைக் கேட்க வேண்டும்? ரம்பத்தை எடுத்தேன். முன்னறைக்குப் போனேன். மேசையின் விளிம்பில் வைத்து இழுத்தேன். ஒரு விரல் ஆழம் இறங்கியிருக்கும்.

"நிறுத்து!"

அடுப்படி வாசலில் ஃப்ரூமா அம்மா, கையில் கரண்டியோடு. கணவர் உள்ளே கிடக்கிறார், இந்த அம்மா கஞ்சி காய்ச்சுகிறார்கள்! ஏனென்றால் மேசைக்கு ஆள் வந்துவிட்டது. கெட்ஸலும் மற்றவர்களும் தொப்பியும் கையுமாக வாசலில் நிற்கிறார்கள்.

"அம்மா, பதிவேட்டுல இருக்கு. செத்தவங்க சொல்லைத் தட்டக் கூடாதும்மா" என்றேன்.

"எழுதினது மூணு வருசத்துக்கு முந்தி இருந்த எல்யாகிம். போனது வேற எல்யாகிம். நேத்து சாயங்காலம் என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. 'ஃப்ரூமா, நான் போயி அதுல படுத்துக்கிட்டா, கெட்ஸல் எங்க உக்காருவான்? எனக்கு எல்லாருக்கும் போடுற பைன் பலகையே போதும்'னாரு."

"எழுதின கையெழுத்து இருக்கேம்மா..."

"கையெழுத்துப் போட்ட கைதாண்டா என் கையப் பிடிச்சுச்சு! ரம்பத்தை எடு. கஞ்சி எறக்கணும்."

ரம்பத்தை எடுத்தேன். நீதிமன்றத்தில் நிற்கும்போது ஒரே ஒரு சாட்சி, அந்தச் சாட்சியையும் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போன மனிதரை நினைத்தேன். பொருளைத் துறப்பார் உண்டு. புகழைத் துறப்பார் உண்டு. தமக்குக் கிடைக்கவேண்டிய புண்ணியத்தின் அடையாளத்தையே அடுத்தவன் தட்டு வைக்கத் துறந்தவரை நான் அன்றுதான் கண்டேன். வெட்கத்தில் அழுதேன். கெட்ஸல் என் முதுகைத் தட்டி, "அழாத தச்சரே, உனக்கும் ஒரு கிண்ணம் இருக்கு" என்றான். அந்த மேசையில் அன்று நானும் ஏழையாக உட்கார்ந்தேன்.

பிறகு எல்லோருக்கும் செய்வதுபோல நான்கு பைன் பலகையில் பெட்டி செய்தேன். புனித நாட்டு மண்ணை அவர் தலைக்கடியில் வைத்தபோது, என் ரம்பம் உதிர்த்த ஓக் தூள் ஒரு சிட்டிகை என் உள்ளங்கையில் இருந்தது. அதையும் கூட வைத்தேன். அத்தனை மரம் விற்ற மனிதர் எடுத்துப் போனது அந்த ஒரு சிட்டிகைதான்.

இப்போது துணியை எடுக்கிறேன்.

பாருங்கள்! வளையங்களைப் பாருங்கள்! கோடுகளைப் பாருங்கள்! விளிம்பிலே இதோ, என் ரம்பத்தின் வாய். தடவிப் பாருங்கள் ரெப் லேசர் அவர்களே. இதை இழைத்துச் சரிசெய்ய என்னால் முடியும். செய்ய மாட்டேன். கேட்காமல் அறுத்தவனின் அவமானம் அப்படியே இருக்கட்டும்.

இந்த ஆண்டு ஆறு பேர் என் பட்டறைக்கு வந்து, 'எனக்கும் என் மேசையில் பெட்டி' என்று கேட்டார்கள். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். அவர்களுக்கு என் பதில் இதுதான். மேசையை உடைக்கச் சொல்லி என்னிடம் வராதீர்கள். மேசைக்கு ஆளை அழைக்கத் தெருவுக்குப் போங்கள்! உங்கள் மேசையில் நூறு வளையம் விழட்டும், அதன்பின் வாருங்கள். அப்போது நீங்களே கேட்க மாட்டீர்கள்.

கடைசியாக ஒன்று. ஃப்ரூமா அம்மாவின் முழங்கால் ஓய்ந்துவிட்டது. அந்த மேட்டு வீட்டுக்குப் பனியில் ஏறிவர ஏழைகளாலும் முடியவில்லை. நேற்று அம்மா இந்த மேசையையே சங்கத்திடம் கொடுத்துவிட்டார்கள். நாளை முதல் ஆற்றங்கரைச் சத்திரத்தில் இது நிற்கும். நாளை நண்பகல் அதில் கஞ்சி இறங்க வேண்டும். வண்டி அந்தச் சேற்றில் போகாது, தோள்தான் வேண்டும்.

சங்கத்தாரே! பெட்டி தூக்க ஒருவரை ஒருவர் முந்துகிறீர்களே, 'எனக்கு, எனக்கு' என்று இடம் கேட்கிறீர்களே! ரெப் எல்யாகிம் படுக்க மறுத்த பெட்டி இது. நாளைக் காலை இதைத் தூக்க நான்கு தோள் வேண்டும். ஒன்று என்னுடையது. மற்ற மூன்றும் எங்கே?

ஆ... உட்காருங்கள், உட்காருங்கள்! மூன்று கேட்டேன், அவையே எழுந்து நிற்கிறது. ரப்பி அவர்களே, நீங்களுமா?

என்ன அம்மா? சரி, சரி. 'போதும் பேசினது, கஞ்சி ஆறுது' என்கிறார்கள். அன்று ரம்பத்தை நிறுத்திய குரல். அதை மீற எனக்குத் துணிவில்லை. பசியோடு பொறுத்த உங்களுக்கு நன்றி. உங்கள் எல்லோர் வீட்டிலும் சமாதானம் தங்கட்டும், உங்கள் மேசைகள் தழும்பேறட்டும். வணக்கம்.

துணி வேண்டாம், தம்பி. பானையை அப்படியே வை.