சிமிட்டாத கண்

— திரையைத் தொடாதீங்க அண்ணே! அப்படியே நில்லுங்க!

— இது என் கடைத் திரைம்மா. பிரிக்பீல்ட்ஸ்ல சபாபதி ஸ்டூடியோன்னா சின்னப் புள்ளைக்கும் தெரியும். சோறு தின்னுட்டு வர்றதுக்குள்ள உள்ளே பூந்து, கேமராவை நட்டு, அதோட மூக்கைத் திரைக்குள்ள நுழைச்சு வச்சிருக்கே. யாரு நீ?

— பேரு பெர்னடெட். கிள்ளான்லேர்ந்து வர்றேன். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கார். ஆளைப் பார்த்தா கூச்சத்துல கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருப்பார், அதான் நடுவுல திரை. சாயங்காலம் கப்பல் கிளம்புது, அதுக்குள்ள வேலை முடிஞ்சாகணும். கேமரா இருக்கு. பின்கண்ணாடியில விழுற உருவத்தைச் சரியாப் பார்க்க ஒரு சாமான் வேணும்.

— அதை முதல்ல சொல்லு லா! இந்தா, உள்ளே முகம் பார்க்கிற கண்ணாடி வச்ச பெட்டி, பின்னால மாட்டிப் பாரு. கேமராவுக்குள்ள மனுசன் தலைகீழாத்தானே தெரிவான்? இது அவனை நிமிர்த்திடும்.

— மாதாவே, நேராவே தெரியுதே! அப்போ இதுல இடப்பக்கம் தெரியறது நிஜமாவே இடப்பக்கம்தானே?

— ஹஹ்ஹா! கத்துக்குட்டி எல்லாம் கவுந்து போறது அங்கேதான். தலைதான் நிமிரும். பக்கம் மாறினது மாறினதுதான். இதுல இடப்பக்கம் நிக்கிறவன் நிஜத்துல வலப்பக்கம்.

— நீங்க ஏமாந்ததே இல்லையா?

— நானா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சரியாச் சொல்வேன்.

— நல்லது. ஆனா முகம் பொடிசாத் தெரியுது அண்ணே.

— அப்ப பூதக்கண்ணாடி வச்ச இந்தப் பித்தளைக் குழல்தான். பெட்டியைக் கழட்டிட்டு, கண்ணாடியில ஒட்டி வச்சுப் பார்க்கணும். மீசை மயிரை எண்ணலாம்.

— நீங்களே பார்த்துச் சொல்லுங்க. கறுப்புத் துணியை நல்லா இழுத்துப் போர்த்திக்குங்க.

— அடடா, என்ன தெளிவு! கூச்சம்னியே, சிலையாட்டம் உட்கார்ந்திருக்கார். சிமிட்டவே காணோம். கன்னத்துல என்ன இம்புட்டுச் சிவப்பு, பவுடரா? மீசை... புருவம்... புருவத்துல வெட்டு...

— ஏன் நிறுத்திட்டீங்க?

— இது... ரயில்வே ஜெயராஜ்!

— துணியை எடுக்காதீங்க! அந்தப் பக்கம் பாராங் கத்தி இருக்கு.

— அவனுக்கு ஆயுள் தண்டனையாச்சே! எப்ப விட்டாங்க?

— கேள்வி நான் கேட்கிறேன். ரயில் பட்டறையில புது இஞ்சினைப் படமெடுக்க இதே பெட்டியோட போனீங்க. குழி ஓரத்துல போர்மேன் தம்புசாமி. அவருக்கு ஒரு பக்கம் என் வீட்டுக்காரர், மறுபக்கம் இன்னொருத்தர். வெயில் முதுகுல அடிச்சதால முகம் இருட்டு. ஒருத்தன் அவரைக் குழிக்குள்ள தள்ளிக் கொன்னான். பெட்டிக்குள்ள எந்தப் பக்கத்து ஆள்?

— இடப்பக்கம்.

— அப்ப நிஜத்துல?

— ...வலப்பக்கம்.

— அங்கே நின்னது யாரு?

— வேலாயுதம். என் தங்கச்சி புருஷன்மா! அவன் தொங்கியிருந்தா அவ தாலி...

— அதுக்கு என் தாலியை அறுத்தீங்க. பெட்டியில தெரிஞ்சபடியே 'இடப்பக்கத்து ஆள்'னு கோர்ட்டுல சொல்லி, இடப்பக்கம் நின்ன என் புருஷனை மாட்டிவிட்டீங்க. பக்கம் மாறும்னு ஜட்ஜுக்குத் தெரியாது. உங்களுக்கு?

— தெரியும்! தெரிஞ்சேதான் சொன்னேன்! ஜெயராஜு, என்னை விட்டுடுப்பா!

— வேலாயுதம் இப்ப எங்கே?

— கிள்ளான் துறைமுகத்துல. சாயங்காலக் கப்பல்ல ஊருக்குப் போறான்.

— அந்தக் கப்பலைத்தான் நானும் சொன்னேன். இப்ப வெளியே வந்து திரையைத் தள்ளுங்க.

— வேணாம்மா, கத்தி...

— தள்ளுங்கன்னா!

— இது... படம்! ஆளுயரத்துக்குப் பெருசு பண்ணி, வர்ணம் தீட்டின படம்!

— அவர் ஜெயில்லயே காய்ச்சல்ல போயிட்டார். செத்தவர் எப்படிச் சிமிட்டுவார் அண்ணே?

— அப்போ... கத்தின்னு சொன்னது பொய்தானே?

— இல்லை. படத்தைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால நிக்கிறாரே, அவர் இடுப்புல இருக்கு. கொலைகாரன்னு என் புருஷன் கல்லறையில காறித் துப்பிட்டுப் போன மனுசன். நீங்க சொன்னதை எல்லாம் இப்பத்தான் கேட்டார். தம்புசாமியோட கூடப்பிறந்த தம்பி.