பாயிலிருந்து எந்திரிக்கறது

நல்லா இருக்குன்னா என்ன அர்த்தம், டாக்டரம்மா? நல்லா இருக்கறவ எதுக்கு வேனுக்குள்ள கோழிக்கூடைக்கும் தண்ணி கேனுக்கும் நடுவுல நசுங்கி மசாக்கா ஆஸ்பத்திரி வரைக்கும் வரணும்? எனக்கு வேற சோலி இல்லயா? தோட்டத்துல மட்டோகே வாழைக்குலை வெட்ட ஆளில்லாம பழுத்துக்கிட்டு நிக்குது. பழுத்துட்டா அப்புறம் அத யாரு அவிச்சுத் திங்கறது?

தெரியும், நீ டாக்டர் இல்ல, பிசியோதெரபி. போன தடவையும் சொன்ன. வெள்ளக் கோட்டு போட்டிருக்க, கதவுல பேரு எழுதியிருக்கு, எனக்கு டாக்டரம்மாதான். அத விடு. கசியுதுன்னு நான் சொல்றேன், கசியலன்னு நீ சொல்ற. இது யாரு உடம்பு, உன்னோடதா என்னோடதா?

இருமச் சொன்ன, இருமினேன். குதிக்கச் சொன்ன. இந்த வயசுல கணுக்கால் வரைக்கும் தொங்கற கோமேசிய முழங்காலுக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு தவளை மாதிரி குதிச்சேன். ஒரு சொட்டு வரல. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? இங்க வந்தா அதுவும் உன்னப் பாத்து பயந்துக்குது போல. வீட்டுல ஒரு தும்மல் போதும்.

எப்பெப்பவா? அதான் சொன்னேனே. தும்மும்போது, சிரிக்கும்போது, பிள்ளையத் தூக்கும்போது. எந்தப் பிள்ளையா? எங்க வீட்டுல பிள்ளைங்களுக்கா பஞ்சம்? யாராச்சும் ஒருத்தியோடது இடுப்புல இருக்கும். எல்லாத்தையும் விட மண்டி போட்டு எந்திரிக்கும்போதுதான். அப்பத்தான் மானமே போகுது. எட்டு மாசமா இந்தப் பாடு.

ஆமா, என் கடைசிப் பிள்ளைக்கே கல்யாணம் ஆயிருச்சுன்னு சொன்னேன். எட்டு மாசம்னும் சொன்னேன். எனக்கு கொஞ்சம் லேட்டா ஆரம்பிச்சிருக்கு, அதுக்கென்ன இப்ப? சிரிக்காத.

முதல்ல அந்த கவுன்டர்ல உக்காந்திருக்காளே, அவளுக்கு யாராச்சும் சொல்லுங்க. வாசல்ல அத்தன பேரு உக்காந்திருக்காங்க, கால் ஒடஞ்சவன், கழுத்துப் பட்டை போட்டவன், எல்லாம் ஆம்பளைங்க. என்னப் பாத்ததும், மூத்திரக் கேஸா, இப்படி வாங்கன்னு சந்தைல தக்காளி விக்கற மாதிரி கத்தறா. நானா இருக்கப்போய் நிமிந்து நடந்து வந்தேன். ஒரு சின்னப் பொண்ணா இருந்தா அப்படியே திரும்பி ஓடிப் போயிருக்கும். அப்புறம் நீங்க, பொம்பளைங்க வைத்தியத்துக்கு வர மாட்டேங்கறாங்கன்னு ரேடியோல பேசுவீங்க. எப்படி வருவாங்க?

யாரு, வெளிய தூண்கிட்ட நிக்கறவளா? அவ நம்யாலோ, என் அண்ணன் மக. பைய தூக்கறதுக்குக் கூட்டிட்டு வந்தேன். நாற்காலி எல்லாம் வேணாம், விடு. உக்காரச் சொன்னா உக்கார மாட்டா. வேன்ல கூட நின்னுக்கிட்டே வர்றேன்னா பாத்துக்கோ. இந்தப் புழுக்கத்துல இடுப்புல ஸ்வெட்டரக் கட்டிக்கிட்டு நிக்கறா, கேட்டா ஃபேஷனாம். அவ கல்யாணத்துக்குத்தான் இத்தன அவசரமும்.

கல்யாணம்னா சர்ச்சு இல்ல. பையன் வீட்டுக்காரங்க எங்க வீட்டு வாசலுக்கு வந்து பொண்ணு கேக்கற நாள். அவளும் அந்தப் பையன் செகுயாவும் ஏற்கெனவே கம்பாலால சேந்துதான் குடும்பம் நடத்தறாங்க, மொறைய மட்டும் இப்பத்தான் செய்யறோம், அதுக்காக இவ எங்க வீட்டுக்கு வந்திருக்கா. இந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான். உங்க சொரோட்டிப் பக்கம் எப்படியோ, எங்க கிட்ட அன்னிக்குப் பொண்ணுங்க எல்லாம் வரிசையா வந்து பாய்ல மண்டி போடணும். மண்டி போட்டா சும்மா எந்திரிக்க முடியாது. ரெண்டு பக்கமும் பேசறதுக்குன்னு கூலிக்கு ஒரு பேச்சாளனப் புடிச்சிருப்பாங்க. அந்த மனுஷனுங்க வாயத் தொறந்தா மூடுவானுங்களா? ஒரு வணக்கத்தச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஒரு மழைக்காலமே போயிரும். எங்க பக்கத்து ஆளு சுத்த வாயாடி. பொண்ணுங்க முட்டி தேஞ்சு போய் உக்காந்திருக்கும், இவன் பையன் வீட்டுக்காரங்களப் பாத்து, நீங்க வழி தப்பி வந்தவங்களா, இல்ல பசிச்சு வந்தவங்களான்னு நக்கல் பண்ணிக்கிட்டு இருப்பான். சனம் சிரிக்கும். அவளும் சிரிக்கணும். சிரிச்சா என்ன ஆகும்? நீதான் சொல்லு.

அவளும்னா, மண்டி போட்டிருக்கற எல்லாவளும்தான். நானும்தான். நீ எதுக்கு வார்த்தைக்கு வார்த்தை புடிச்சுக்கிட்டு இருக்க?

அப்புறம் அந்த வீடியோக்காரன் ஒருத்தன். முன்னாடி முகத்தப் புடிக்கறத விட்டுட்டு பின்னாடியே சுத்துவான். இப்பல்லாம் அதே நேரத்துல போன்ல லண்டன்ல இருக்கறவன் கூடப் பாக்கறான். பளபளன்னு பட்டுல கோமேசி தச்சிருக்கும், தண்ணி பட்டா அப்படியே திட்டா காட்டிக் குடுக்கும். கோமேசிக்குள்ள இடுப்பச் சுத்தி ஒரு துணி கட்டுவோம்ல, அத ரெண்டாக் கட்டியாச்சு, மூணாவும் கட்டிப் பாத்தாச்சு. நடக்கவே முடியல. மட்டோகே மூட்டைக்குக் கால் மொளச்ச மாதிரி இருக்கு.

பயிற்சியா? செய்யாம என்ன? நீ சொன்னதெல்லாம் செஞ்சாச்சு. அதுலதான் எனக்கு வயித்தெரிச்சலே. உள்ளுக்குள்ள ஒரு லிப்ட்டு மேல போற மாதிரி நெனச்சுக்கோன்ன. எங்க ஊர்ல லிப்ட்ட யாரு பாத்தா? உங்க பக்கம் பானையச் சுத்தி உக்காந்து நீளக் குழாய்ல கேப்பக் கள்ளு உறிஞ்சுவீங்களே, அது மாதிரி உள்ள உறிஞ்சிக்கோன்னு சொல்லியிருந்தா ஒரே நாள்ல புரிஞ்சிருக்கும். நானா யோசிச்சு அப்படித்தான் சொல்லிக் குடு... அப்படித்தான் செஞ்சு பாத்தேன். அப்பவும் மூச்சப் புடிச்சுக்கிட்டு, வயித்தக் கல்லாக்கிட்டு, கீழ கீழதான் தள்ளுது. மேல வரவே மாட்டேங்குது.

இப்ப சரியா செஞ்சேனா? கைய வச்சுப் பாத்தியா, நல்ல பலமா இருக்கா? இருக்காம பின்ன? என்ன யாருன்னு நெனச்ச நீ? நான் செங்கா. அப்பன் கூடப் பொறந்த அத்தை. எங்க ஊர்ல ஒரு பொண்ணக் கட்டிக் குடுக்கறதுக்கு முன்னாடி அவள உக்கார வச்சு, எத இறுக்கணும், எப்ப விடணும்னு சொல்லித் தர்றது யாருன்னு நெனச்ச? அம்மாக்காரி வாயத் தொறக்கக் கூடாது. அத்தைதான். சொந்தத்துல அத்தை இல்லாத பொண்ணுங்க கூட என்னத் தேடி வரும். நீ இங்க படம் மாட்டி வச்சுச் சொல்றத நான் வாழைத்தோப்புல உக்காந்து சொன்னவ.

ஆனா ஒண்ணு. இது மூத்திரத்துக்கும் ஆகும்னு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல. புருஷன் மனசு குளிர்றதுக்குன்னு சொல்லித்தான் எங்களுக்குக் குடுத்தாங்க, நாங்களும் அப்படியே குடுத்தோம். புருஷனுக்குன்னு சொன்னா ஒவ்வொருத்தியும் சோறு தண்ணி மறந்து செய்வா. உனக்குத்தான்டி இது, உன் உடம்புக்குன்னு சொல்லிப் பாரு, நாளைக்குச் செய்யறேன் அத்தைன்னு போயிருவா. நெனச்சா எரிச்சல் எரிச்சலா வருது.

என்ன, முடிச்சுக்கலாமா? ஃபைல மூடறேங்கறியா? இரு, இரு. வெளிய நெறையப் பேரு காத்திருக்காங்க, சரி, நானும் கண்ணு தெரியாதவ இல்ல. இன்னும் கொஞ்சம் கேளு.

போன மாசம் வீட்டுக்கு சம்பந்தி அம்மா, செகுயாவப் பெத்தவங்க, வந்தாங்க. மூத்தவங்க. சோபால வந்து உக்காந்து, வணக்கத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. எங்க கிட்ட மண்டி போடாத வணக்கம் வணக்கமே இல்ல. கோவத்துல வீட்ட விட்டுத் தொரத்தறவளக் கூட மண்டி போட்டுட்டுத்தான் அனுப்புவோம். அவங்க முன்னாடி நின்னுக்கிட்டே, லேசா முட்டிய மடிச்சு, வாங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்? அந்தம்மா மொகம் செத்துப் போச்சு. டீயத் தொடல. வாசல்ல செருப்பு மாட்டும்போது எல்லாருக்கும் கேக்கற மாதிரி, கம்பாலா தண்ணி குடிச்சா கொழுப்பு ஏறத்தான் செய்யும்னு சொல்லிட்டுப் போனாங்க. ஊர் பூரா அதே பேச்சு. அவளுக்குக் கொழுப்பு, அவளுக்குத் தலக்கனம். கொழுப்புன்னு பேரு வாங்கினா வாங்கிட்டுப் போறேன் அத்தை, நாத்தம்னு பேரு வாங்க மாட்டேன்...

ஆமா. அத்தைன்னுதான் சொன்னேன்.

என்ன அப்படிப் பாக்காத. நீ என்னிக்கு முதல் தடவ கைய வச்சுப் பாத்துட்டு முகத்தச் சுளிச்சியோ, அன்னிக்கே உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். நீயும் கேக்கல, நானும் சொல்லல. எந்திரிச்சுப் போய் அந்தக் கதவ நல்லா சாத்து.

எனக்கு ஒண்ணும் இல்ல, டாக்டரம்மா. நான் இந்தக் கட்டடத்துலேர்ந்து என் வீடு வரைக்கும் தும்மிக்கிட்டே போனாலும் ஒரு சொட்டு வராது.

அவதான். ஸ்வெட்டர் கட்டிட்டு நிக்கறாளே, அவதான். பிள்ளை பெருசு. விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் வலி. பிள்ளை நல்லா இருக்கான், கொழுகொழுன்னு இருக்கான், அவளத்தான் கிழிச்சுட்டு வந்துட்டான். தச்சு அனுப்பிட்டாங்க. கசியுதுன்னு நர்ஸு கிட்ட சொன்னதுக்கு, பிள்ளை பெத்தவளுக்கெல்லாம் அப்படித்தான், போகப் போக சரியாயிடும்னு சொல்லிட்டாளாம். அதுக்கப்புறம் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. செகுயாகிட்ட கூட இல்ல. சம்பந்தி அம்மா போன அன்னிக்கு, உனக்கு என்னடி திமிருன்னு நான் கைய ஓங்கிட்டுப் போனேன். பின்கட்டுல நின்னு பாவாடையத் திருப்பிக் காட்டினா. ஓங்கின கைய எங்க வைக்கறதுன்னு எனக்குத் தெரியல.

இங்க வாடின்னா வர மாட்டேங்கறா. கவுன்டர்ல கத்தறாளே, அவ யாருன்னு நெனச்ச? செகுயாவோட சித்தி. அவ வாய்ல இவ பேரு விழுந்தா சாயங்காலத்துக்குள்ள சம்பந்தி வீட்டு அடுப்படில இருக்கும். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பிள்ளை தலைல கைய வச்சு என்கிட்ட சத்தியம் வேற வாங்கிட்டா. அதான் நானே என் பேருல வந்தேன். நீ எனக்குச் சொன்னத வீட்டுக்குக் கொண்டு போய் அவளுக்குச் சொன்னேன். இதுல நான் தேறினவ, சொல்லிக் குடுத்தாப் போதும்னு நெனச்சேன். ஆனா நீ என் உடம்பப் பாத்துல்ல சொல்ற? அவளுக்கு உள்ள எது அறுந்திருக்கு, எது தொங்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவ பல்லக் கடிச்சுக்கிட்டு செய்யறா, செய்யச் செய்ய இன்னும் மோசமாத்தான் போகுது.

தண்ணி குடிக்கறத நிறுத்திட்டா, தாயீ. பால் குடுக்கறவ. உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. நேத்து சொல்றா, நான் பாய்க்கு வர மாட்டேன் அத்தை, அன்னிக்குக் காலைல பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கயாச்சும் போயிடறேன், கண்டுபுடிச்சா அவரே தொரத்திருவாரு, அதுக்கு முன்னாடி நானே போறேங்கறா. அவ சொன்னா செய்வா. எங்க அண்ணன் ரத்தம்.

தெரியும், அதுக்குள்ள குணமாகாது, மாசக்கணக்குல ஆகும்னு நீ சொல்லியிருக்க. எனக்கு மந்திரம் வேணாம். அன்னிக்கு மண்டி போடற நேரத்தக் குறைக்கறது என் பொறுப்பு, அந்த வாயாடி தலைல ஒரு குட்டு வச்சாவது பேச்ச முடிக்க வைப்பேன். அந்தப் பாய்லேர்ந்து எப்படி எந்திரிக்கறது, எப்ப மூச்ச விடறது, எப்ப இறுக்கறது, அத மட்டும் அவ உடம்பப் பாத்து அவளுக்குச் சொல்லு. மத்தது மெல்ல ஆகட்டும். இதுக்கு மருந்து இருக்குன்னு உன் வாயால கேட்டாலே அவ ஓட மாட்டா.

இல்ல, கட்டாயப்படுத்த வேணாம். உள்ள வந்ததும் நீயே கேளு. வேணாம்னா விட்டுரு. நீ கேக்கற மாதிரி கேட்டா சொல்லிருவா. நான் இந்தத் திரைக்கு அந்தப் பக்கம் போயிக்கறேன்.

ஆனா கூப்பிட்டா வரணுமே? தனக்குன்னா வர மாட்டா. நீ கதவுகிட்ட நில்லு, அவ உள்ள வந்ததும் சாத்திரு. நான் இப்படி கட்டில்ல சாஞ்சுக்கறேன். தலையணைய நகத்து.

நம்யாலோ! அடியே நம்யாலோ! பைய அங்கயே போட்டுட்டு ஓடி வாடி, அத்தைக்கு முடியல!