ஒரு மணி சைரன்

...இல்லண்ணே, வண்டியில ஒரு குறையும் இல்ல. அதான் எனக்கு வயித்தெரிச்சலே. செவப்பு விளக்கு நூத்தம்பது மீட்டர் தள்ளித் தெரியணுமாம், தெரியுது. ஸ்ட்ரெச்சர்ல மூணு பெல்ட்டு இருக்கணுமாம், நாலு இருக்கு. ஒண்ணக் கழட்டிக் குடுக்கவான்னு கேட்டேன், இந்த ஆர்டிஓ ஆபீஸ் இன்ஸ்பெக்டரு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டாரு.

நீங்க தீயணைப்பு வண்டிதானே? உக்காருங்க, எங்க எந்திரிக்கிறீங்க, உங்க நம்பர் வர இன்னும் நேரமிருக்கு. உங்களுக்கென்ன, ஏணிய நீட்டிக் காட்டினா முடிஞ்சுது. ஆம்புலன்ஸ்காரன்னா மட்டும் சைரன் போட்டதுக்கெல்லாம் நோட்டுல எழுதணும். எத்தன மணிக்கு, எங்கேருந்து எங்க, உள்ள யாரு... பதினாறு வருஷமா ஓட்டுறேன், எனக்குப் பாடம் நடத்துறாங்க. இப்ப லைசன்ஸையே பிடுங்கப் போறாங்களாம். பேஷண்ட் இல்லாம சைரன் போட்டேனாம்.

போட்டேன்தான். யாரு இல்லன்னாங்க? மத்தியானம் ஒரு மணிக்கு அந்த நாலு ரோடு சிக்னல்ல நின்னு பாருங்க, சாயங்காலம் ஆயிடும். பசிக்குதுண்ணே. பசி அவசரம் இல்லியா? சட்டம் எழுதின மகராசன் சாப்பிட்டுட்டு உக்காந்து எழுதியிருப்பாரு. சைரனத் தட்டினா வழி விடுவாங்க, வீட்டுக்குப் போயி நாலு வாய் சாப்பிட்டுட்டு, அதே மாதிரி திரும்பிடுவேன். அதுக்குப் போயி புகாரு.

யாரு குடுத்தாங்கன்னு கேளுங்க. என் பொண்டாட்டி! மூணு பக்கம், கையெழுத்தோட.

போன மாசம் அவங்க அம்மாவுக்கு திடீர்னு வாய் கோணிக்கிச்சு, கை விழுந்துருச்சு. நாந்தான் வண்டியில ஏத்தினேன். பொண்டாட்டி பின்னாடி அவங்க தலையப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. விளக்கு, சைரன் எல்லாம் போட்டு வீட்டுலேருந்து ஆஸ்பத்திரிக்கு வர்றேன். சரியா ஒரு மணி. ஒருத்தன் நகரல. பஸ்ஸு நிக்குது, ஆட்டோ நிக்குது. தெனமும் பாக்குறாங்கள்ல. சிக்னல் போலீஸ்காரரு கையக் காட்டி நிறுத்திட்டு, கண்ணாடிகிட்ட வந்து, "என்னப்பா, இன்னிக்கு அதுக்குள்ள சாப்பிட்டாச்சா?"ங்கிறாரு.

உள்ள ஆளு இருக்கு, உள்ள ஆளு இருக்குன்னு கத்துறேண்ணே. பின்கதவத் திறந்து பாத்தப்புறந்தான் நம்பினாரு. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேன்னு டாக்டர் கேட்டாரு. பொண்டாட்டி என்னப் பாத்தா பாருங்க...

பொழச்சிட்டாங்க. ஒரு பக்கம் வரல, பேச்சும் வரல. தெனம் நாந்தான் பக்கத்துல உக்காந்து ஊட்டி விடுறேன். பாதி மொகத்துல என்னப் பாத்துச் சிரிக்கிறாங்கண்ணே. அன்னிக்கு சிக்னல்ல வண்டிய நிறுத்தினது எதுக்குன்னு அவங்களுக்குப் புரியல.