எதிர்த்திசையில் ஒரு வாளி மீன்

— கயித்துக்கு இந்தப் பக்கம் கால வெக்காதீங்கம்மா. எத்தன வாட்டி சொல்றது உங்களுக்கு?

— வெச்சாச்சு சார். இப்ப என்னா பண்ணப் போறீங்க?

— என்னாம்மா எகிறுறீங்க? சித்ரா பௌர்ணமி. லட்சக்கணக்குல ஜனம் மலைய சுத்திக்கினு இருக்குது. எல்லாம் ஒரே பக்கமா போவுது. நீங்க மட்டும் எதுத்தாப்ல டவுனுக்குப் போவணும்னா எப்படி? ஒருத்தர உட்டா பின்னாலயே பத்து பேரு வருவான்.

— பத்து பேரும் மீன் வாளிய தூக்கிக்கினு வந்தா பத்து பேரையும் உடுங்க.

— மீனா? நான் மோருன்னு நெனச்சேன். அன்னதானம் பண்ற கோஷ்டியாக்கும்னு.

— துணிய எடுத்துக் காட்றேன், பாருங்க. கோல்டு ஃபிஷ்ஷு. மொத்தம் பதிமூணு. ரெண்டு போயிடுச்சு. பதினொண்ணு இருக்குது.

— ஏன் எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது? பசியா?

— பசியில்ல சார், மூச்சு முட்டுது. ராத்திரி கரண்டு வந்து வந்து போச்சு பாருங்க, அதுல தொட்டி மோட்டாரு எரிஞ்சுபோச்சு. அது ஓடினாத்தான் தண்ணியில காத்து கலக்கும். வெயில்ல தண்ணி சூடாச்சுன்னா காத்து இன்னும் கம்மியாயிடும். அதான் பத்தடிக்கு ஒருக்கா வாளிய எறக்கி வெச்சு, மக்குல மொண்டு மேலருந்து ஊத்தறேன். தண்ணி தளும்பித் தளும்பி விழுந்தா கொஞ்சம் காத்து சேரும்.

— அதெல்லாம் சரி. எங்கேருந்து வரீங்க, எங்க போறீங்க?

— வீடு ஆசிரமத்துக்கு அந்தாண்ட. போறது டவுனுல கலர் மீன் விக்கிற கோபி கடைக்கு. தொட்டி ரெடியா இருக்குதுக்கா, கொண்டாங்கன்னு ஃபோன்ல சொன்னான்.

— அப்ப அந்தக் கோபியவே மோட்டார எடுத்துக்கினு இங்க வரச் சொல்லுங்க. ஜனத்தோட ஜனமா நடந்தா அரை மணி நேரத்துல வந்துடுவாரு.

— மோட்டாரு வந்து? எங்க தெருவுக்கு இன்னும் கரண்டே வரல சார். பேட்டரியில ஓடறது அவன்கிட்ட தீந்துபோச்சாம். கரண்டு இருக்குற எடத்துக்கு மீனத்தான் கொண்டுபோவணும்.

— அப்ப நீங்களும் வலமாவே நடங்க. சுத்தி வந்தா டவுனுலதான் கொண்டுபோயி உடும்.

— பன்னெண்டு கிலோமீட்டரு சார்! இதத் தூக்கிக்கினு அடியண்ணாமலை சுத்தி நான் போயி சேர்றப்ப ஒண்ணு கூட இருக்காது. எதுத்தாப்ல போனா ரெண்டே கிலோமீட்டரு. கணக்கு உங்களுக்கே தெரியுது இல்ல?

— மீனுதானேம்மா? போனா புதுசா வாங்கிக்கலாம்.

— உங்க வீட்ல யாருக்காச்சும் மூச்சு முட்டினா, புதுசா வாங்கிக்கலாம்னு உக்காந்திருப்பீங்களா?

— பேச்சப் பாரு!

— யக்கா, நான் சொல்றேனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க அரக்கோணத்துலருந்து சாமி கும்புட வந்தவங்க. வர வழியில அம்மாம் பெரிய கொளம் இருந்துச்சே. பௌர்ணமியும் அதுவுமா அதுல உட்டுடுங்களேன். புண்ணியம்.

— யாருக்குங்க புண்ணியம்?

— உங்களுக்குத்தான்.

— மீனுக்கு? கண்ணாடிக்குள்ளயே வளந்த மீனுங்க இது. எரை தேடத் தெரியாது, ஓடி ஒளியத் தெரியாது. செக்கச்செவேல்னு மினுக்கிக்கினு ஒரே எடத்துல நிக்கும். கொக்கு பத்து நிமிஷத்துல பொறுக்கித் தின்னுடும். அதப் பாக்காம திரும்பிக்கினு கன்னத்துல போட்டுக்கினா புண்ணியம் ஆயிடுமா?

— யம்மாடி, நல்லது சொன்னா இப்படி கடிக்கிறீங்களே!

— நீங்க நடங்கம்மா, அரக்கோணத்தம்மா, நிக்காதீங்க. பின்னால ஜனம் முட்டுது. ஏ தம்பி, வேடிக்கை பாக்காத, நட நட. பாத்தீங்களா? இதத்தான் சொன்னேன். நீங்க ஒருத்தர் நின்னீங்க, இருபது பேரு நிக்கிறான்.

— என்ன உட்டுட்டா வேடிக்கையும் என்னோடவே போயிடும் சார்.

— மீனு மேல அவ்ளோ பாசமா?

— பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாங்க நயினாருங்க சார், ஜைனம். பொழுது சாஞ்சா சாப்பிடக் கூட மாட்டோம், வெளக்கு வெளிச்சத்துக்கு வர பூச்சி சோத்துல உழுந்து செத்துடும்னு. ஒரு உசுரக் கொண்டாந்து கண்ணாடிப் பொட்டியில அடைச்சு வெக்கிறதே எனக்கு ஆவாது.

— ஆவாதுன்னா எதுக்கு வெச்சீங்க?

— அடைச்சாச்சு இல்ல? அடைச்சது தப்புன்னு தத்துவம் பேசிக்கினு சாவ உடறது அத விட பெரிய தப்பு. ஐயோ, கை மரத்துப்போச்சு. இந்தாங்க, இந்த மக்க கொஞ்சம் புடிங்க.

— நானா? டியூட்டியில இருக்கேன்மா!

— இதுவும் டியூட்டிதான். மொண்டு, இடுப்பு உசரத்துலருந்து ஊத்துங்க. மீனு மேல இல்ல, ஓரமா. ஆங், அப்படித்தான். நல்லா வருது உங்களுக்கு.

— எங்க இன்ஸ்பெக்டரு பாத்தாரு, அவ்ளோதான் நானு.

— பாக்கட்டும். அவரும் ஒரு மக்கு ஊத்தட்டும்.

— யம்மா, இந்த வெள்ள வாலு, இது ஆடல. சாஞ்சுடுச்சு பாருங்க.

— எங்க? வெரலால மெல்ல தொடுங்க. பயப்படாதீங்க, கடிக்காது.

— ம்ஹும். இல்ல. போச்சு போலருக்குது.

— ஊத்துங்க சார், நிறுத்தாதீங்க. அதுக்குப் பக்கத்துல ஊத்துங்க.

— ஆடுது. செவுளு ஆடுதும்மா! ஹா, நிமிந்துடுச்சு!

— பாத்தீங்களா? அது இன்னும் உடல, நாம ஏன் உடணும்?

— எங்கிட்ட ஜில்லுனு ஒரு பாட்டில் தண்ணி இருக்குது. ஊத்திடட்டுமா?

— வேணவே வேணாம்! சட்டுனு குளுந்தா அதுலயே செத்துடும். மூடிய தொறக்காம பாட்டில அப்படியே மெதக்க உடுங்க. மெல்லமா சூடு எறங்கட்டும்.

— சரி சரி. இருங்க, மைக்குல கூப்புடறாங்க. சார்! ஆதிமூலம் பேசறேன் சார். கூட்டம் இல்ல சார், ஒரு அம்மா எதுத்தாப்ல போவணும்னு நிக்கிறாங்க. மீனு சார். இல்ல சார், கொழம்பு மீனு இல்ல, வளக்கற மீனு. ஆமா சார். சரிங்க சார்.

— என்னா சொன்னாரு?

— திருப்பி அனுப்புன்னாரு.

— நான் திரும்ப மாட்டேன்.

— அம்மா, என் வேலைக்கு ஒல வெக்காதீங்க. வரிசைன்னு ஒண்ணு இருக்குது இல்ல?

— வரிசையப் பத்தி எங்கிட்ட சொல்றீங்களா? முப்பது வருஷம் சத்துணவுல இருந்தவ நானு. தெனம் எரநூறு புள்ளைங்கள வரிசையில நிறுத்தி சோறு போட்டிருக்கேன். ஒண்ணு முந்தினா அதட்டுவேன், தள்ளினா காதத் திருவுவேன். ஆனா ஒரு புள்ள பசியில கிறுகிறுத்து உக்காந்துடுச்சுன்னா, வரிசைய ஒதுக்கிட்டு அதுக்குத்தான் மொதல் தட்டு. ஒருத்தரும் சாவக் கூடாதுன்னுதான் சார் வரிசையே. வரிசைக்காக சாவறதுக்கு இல்ல. நீங்க என்னைத் தூக்கிக்கினு போயி வேன்ல ஏத்துங்க, நான் வரேன். ஆனா வாளியையும் ஏத்துங்க. வேன்ல உக்காந்தும் ஊத்துவேன்.

— உங்கள ஏத்தினா வேன் நாறிடும்.

— மெய்தான். சிரிக்கிறீங்களே?

— சிரிக்கல. ஓரத்துல அந்த மூங்கில் தடுப்பு தெரியுதா? அதுக்கு அந்தாண்ட ஆம்புலன்சுக்குன்னு வழி உட்டிருக்கோம். அதுல போங்க. வண்டி சத்தம் கேட்டா ஒதுங்கிடணும். அடுத்த பாயிண்டுல தருமன்னு ஏட்டு நிப்பாரு. ஆதிமூலம் அனுப்பினான்னு சொல்லுங்க, நானும் ஃபோன் அடிச்சிடறேன். அவரு பொண்டாட்டி ஊட்லயும் மீன் தொட்டி இருக்குது. ஒத்தாசை பண்ணுவாரு.

— உங்க இன்ஸ்பெக்டருக்கு என்னா சொல்வீங்க?

— அத நான் பாத்துக்கறேன். ஆனா யாரு எவருன்னு எழுதாம உட்டேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. நோட்டுல குறிச்சுக்கறேன். பேரு சொல்லுங்க.

— குசுமாவதி.

— வீட்டு நம்பரு?

— என் வீட்டு நம்பரா, மீனு இருந்த வீட்டு நம்பரா?

— ரெண்டும் ஒண்ணுதானேம்மா?

— இல்ல சார். இது எங்க எதுர் வீட்டுக்காரரு, மண்ணாங்கட்டின்னு பேரு, அவரோட மீனு. முந்தாநேத்து நெஞ்சு வலின்னு அவர வேலூருக்குக் கொண்டுபோயிட்டாங்க. பொண்டாட்டி இல்ல, புள்ள துபாய்ல. காலையில கோலம் போட வந்தவ ஜன்னல் வழியா பாத்தேன். ரெண்டு செத்து மெதக்குது, மத்ததெல்லாம் தவிக்குது.

— அவரு ஃபோன் பண்ணி பாத்துக்கச் சொன்னாராக்கும்?

— எங்கிட்டயா? நாலு வருஷமா எங்களுக்குள்ள பேச்சே கெடையாது. சாக்கடத் தண்ணி தகராறுல என்மேல போலீஸ்ல கம்ப்ளெயிண்டு குடுத்த மனுஷன் அவரு.

— அப்ப அந்த வீட்டு சாவிய உங்களுக்கு யாரும்மா குடுத்தா?

— யாரும் குடுக்கல. ஒலக்கையால நான்தான் பூட்ட ஒடச்சேன். எழுதிக்குங்க சார், ஒடச்சதுன்னே எழுதிக்குங்க. மீன கோபி கடையில உட்டுட்டு, நானே வந்து கையெழுத்துப் போடறேன்.