கொலோன் தேவாலயம், நூற்றிருபது படங்கள்

ஆங்கிலப் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தால் நான் தமிழன் என்று யாருக்கும் தெரியாது என நம்பியிருந்தேன். எழுபதுகளின் சிட்னியில் தமிழர் ஒருவர் கண்ணில் பட்டால் மற்றத் தமிழர்கள் வீட்டுக்கு அழைக்காமல் விடமாட்டார்கள். அன்று பரமட்டா ரயிலில் எனக்கு எதிரே இருந்த யாழ்ப்பாணத்துத் தம்பதியோ, தங்கள் ஜெர்மனிப் பயணத்தின் ஸ்லைட் படங்களைச் சனிக்கிழமை போட்டுக் காட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“போனமுறை வந்த ஆக்கள் இனி வரமாட்டினம். கொலோன் தேவாலயம் மட்டும் நூற்றிருபது படம்!” என்றார் மனைவி.

“அதைக் கட்டி முடிக்க அறுநூறு வருசம் எடுத்தது, தெரியுமே?”

“நீங்கள் காட்டி முடிக்கவும் அவ்வளவு செல்லும்.”

“யுத்தத்தில சுத்திவர ஊரே தரைமட்டம். ரெட்டைக் கோபுரம் மட்டும் அசையேல்லை.”

“வந்த சனமும் அசையேல்லைத்தான். எல்லாம் நித்திரை!”

சிரிப்பை அடக்கியதில் என் பேப்பர் குலுங்கியது. இறுக்கிப் பிடித்தேன்.

“நான் சுட்ட வடை அப்பிடியே கிடந்தது. எனக்குக் கதைக்க இந்த ஊரில நாலு சனம் வேணும். அவையையும் கலைச்சுப்போட்டியள்.”

“தமிழ் விளங்கிற ஒராள் அம்பிட்டால் போதுமப்பா. முதல் படத்திலயிருந்து தொடங்கலாம்.”

பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்தேன். ஸ்ட்ராத்ஃபீல்டில் அவர்கள் எழுந்தார்கள். என் பக்கம் திரும்பிய கணவரின் கையைப் பிடித்து இழுத்தார் மனைவி.

“அவரும் தமிழ்தான். நித்திரை எண்டு நான் சொல்லேக்க பேப்பர் குலுங்கினது. பாவம், பயந்துபோய் இருக்கிறார். விட்டிட்டு வாங்கோ.”

நான் இறங்கவேண்டிய நிலையமும் அதுதான். இறங்கவில்லை.