மட்டைக்கு வைத்த பொட்டு

— போச்சு. மறுபடியும் அங்குட்டுத்தான் போயிருச்சு.

— பாத்தேன் காளி. கருவேலங்காட்டுக்குள்ள விழுந்திருக்கு. இரு, எடுத்தாறேன்.

— செருப்பை மாட்டிக்கிட்டுப் போங்க மச்சான். முள்ளு.

— செருப்பையும் தாண்டித்தான் ஏறுது. அதைப் போட்டா என்ன, போடாட்டி என்ன.

— முந்தாநாள் வரைக்கும் பெங்களூர்ல நூலு பிடிச்ச மாதிரி போன பந்து. நேத்து ஆயுத பூசை முடிஞ்சு இன்னைக்குத்தான் பையைத் தொறந்தேன். ஒண்ணுகூட நேராப் போக மாட்டேங்குது. அது ஏன்?

— காத்தா இருக்கும்.

— ஒரு இலை அசையல.

— மேல அடிக்கும். வத்துன கண்மாய்க்குள்ள நின்னா நமக்குத் தெரியாது.

— சனிக்கிழமை இப்படி அடிச்சேன்னா முடிஞ்சுது. சிங்கப்பூர்லருந்து எங்க கம்பெனிப் பெரியவர் வர்றாரு. நானும் என்கூட வேலை பாக்குற ராஜப்ரியாவும் அவர்கூட கோல்ஃப் ஆடணும். ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் அங்க ஆபீசுக்கு மூணு வருசத்துக்குக் கூட்டிட்டுப் போறாரு.

— கணக்குப் பாக்குற வேலைக்குப் பந்தடிக்கச் சொல்லியா ஆள் எடுக்கிறாக?

— காலையில பூரா கூட நடந்தா ஆளோட குணம் தெரிஞ்சு போகுமாம். பந்து தண்ணிக்குள்ள விழுந்தா நம்ம மூஞ்சி எப்படி ஆகுதுன்னு பாப்பாராம்.

— அதுக்கு காரைக்குடியிலருந்து கல்லலுக்கு சாயங்கால பஸ்ல நிக்க வச்சிருக்கலாம். திருப்பத்தூர் ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள குணம் தெரிஞ்சிரும். இந்தா பந்து.

— கால்ல ரத்தம் வருது மச்சான்.

— அது கெடக்குது. நீ அடி.

— அழகி அக்கா ஆட்டை ஓட்டிட்டுப் போகட்டும். பட்டுருச்சுன்னா நம்மளை ஆட்டுக்கறி விலைக்கு வித்துரும்.

— அதுதான் காலையில என்னைக் கேட்டுச்சு. “ஏப்பா வீரணா, உம் பொண்டாட்டி கண்மாய்க்குள்ள கம்பை வச்சு என்னத்த அடிக்கிறா, பாம்பா”ன்னு.

— நீங்க என்ன சொன்னீக?

— ஆமான்னேன். வெளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.

— போயிட்டாக. தள்ளி நில்லுங்க.

— அடி.

— ...பாத்தீகளா. கிளம்பையில நேராத்தான் கிளம்புது. பாதியில வலப்பக்கம் வளைஞ்சு ஓடிருது.

— சரி, எடுக்கப் போறேன்.

— நில்லுங்க. கிரிப்பாத்தான் இருக்கும். எல்லாமே கை பிடிக்கிறதுலதான் மச்சான் இருக்கு. இடது கை மேல, வலது கை அதுக்குக் கீழ. குனிஞ்சு பாத்தா இடது கையில ரெண்டு விரல் மொளி தெரியணும். கை இடப்பக்கமாத் திரும்பி ஒரு மொளி மட்டும் தெரிஞ்சா, அடிக்கையில மட்டையோட முகம் தொறந்துக்கும். பந்து வலப்பக்கம் ஓடிரும்.

— கை வலப்பக்கம் ரொம்பத் திரும்பிட்டா?

— முகம் மூடிக்கும். பந்து இடப்பக்கம் சுருண்டுக்கிட்டுப் போகும்.

— கையை இங்குட்டுத் திருப்புனா பந்து அங்குட்டு. நல்ல ஆட்டம். டிராக்டர் இப்படி இருந்துச்சுன்னா ஒருத்தனும் வரப்புல நிக்க முடியாது.

— போன வருசமே சொன்னேன். நீங்க தூங்கிட்டீக.

— களைப்பா இருந்திருக்கும்.

— இறுக்கிப் பிடிச்சாலும் வலப்பக்கம்தான் போகும். மணிக்கட்டு திரும்பாது. கோச்சு சொல்லுவாரு, பயந்தவ கை தன்னால இறுகிருமாம்.

— நீ பயந்துருக்கியா?

— இல்லையே. எனக்குத்தான் பொட்டு இருக்கே. போன வருசம் டிராக்டருக்கு, பம்புசெட்டுக்கு, அருவாளுக்கு வச்ச கையோட என் மட்டைக எல்லாத்துக்கும் வச்சீகள்ல. கைப்பிடி ரப்பர்ல குங்குமம் ஊறிப்போச்சு. கோச்சு பாத்துட்டு, “அழிக்காதீங்க காளீஸ்வரி, பெருவிரலை அது மேல வைங்க”ன்னுட்டாரு. ஒரு வருசமா விரலு பொட்டுல, பந்து நேர்ல.

— எல்லாம் கருப்பர் புண்ணியம்.

— இந்த வருசமும் நீங்கதான வச்சீக?

— நாந்தான்.

— நல்லா வச்சீகளா?

— சாமி காரியம். நல்லா வைக்காம.

— சரி, அடிக்கிறேன். ...போச்சு.

— போறேன். இந்த ஆட்டத்துல எப்பவும் பந்து பொறக்க ஒரு ஆளு வேணுமோ?

— பை தூக்க ஆளு உண்டு. சிங்கப்பூர் மைதானத்துல புல்லு வெட்டவே தனி வண்டி இருக்கு. நம்ம டிராக்டர் மாதிரித்தான், ஆளு மேல உக்காந்து ஓட்டுவாரு. விடியங்காட்டி ஆரம்பிச்சா மைதானம் பூரா வெட்டிருவாரு.

— வெட்டுன புல்லை என்ன பண்ணுவாக?

— கொட்டிருவாக.

— மாடு இல்லையா?

— இல்ல மச்சான்.

— வெவரங்கெட்ட ஊரா இருக்கும்போல.

— ஆவணியில உங்களையும் வரச் சொல்லிக் கேட்டேன். டிராக்டர் ஓட்டுறவனுக்கு அங்க என்ன சோலின்னீக.

— சரியாத்தான சொன்னேன். உன் சம்பளத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு, பன்னெண்டாவது மாடியிலருந்து ரோட்டைப் பாத்துக்கிட்டு... இந்தா, பந்து. முள்ளு ஒடிஞ்சு உள்ள நின்னுருச்சு.

— உக்காருங்க. எடுத்து விடுறேன்.

— நீ அடி. சாயங்காலம் ரயிலு.

— அப்ப ஒண்ணே ஒண்ணு. இந்தத் தடவை பொட்டைப் பாக்காம பிடிக்கப் போறேன்.

— எதுக்கு? பொட்டைப் பாத்தே பிடி.

— சும்மாதான். ...எங்க போச்சு மச்சான்?

— மடைக்கிட்ட.

— நேரா?

— நேராத்தான்.

— இன்னொண்ணு. ...இது?

— மடைக்கிட்டத்தான். காத்து நின்னுருச்சுபோல.

— இங்க வாங்க. இந்த ரப்பரைப் பாருங்க. புதுப் பொட்டு. அதுக்கு வலப்பக்கம், பள்ளத்துக்குள்ள செவப்பாத் தெரியுது பாருங்க, போன வருசப் பொட்டோட கறை. ரெண்டுக்கும் ஒரு விரக்கடை இருக்கும்ல?

— கை தவறிருக்கும். சாம்பிராணிப் புகை கண்ணுல.

— ஒண்ணுல தவறலாம். பையில இருக்கிற எல்லாத்துலயும் ஒரே அளவு இடப்பக்கம் தள்ளியிருக்கு. டிராக்டர்ல பொட்டு நட்ட நடுவுல இருக்கு. அருவாள்ல நடுவுல. பம்புசெட்டுல நடுவுல. காலையில எல்லாத்தையும் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்.

— அப்ப காலையிலயே தெரியுமா?

— மொத அடியிலயே தெரிஞ்சிருச்சு. வீட்டுக்குத் தண்ணி எடுக்கப் போனேன்ல, அப்பப் பாத்தேன்.

— அப்புறம் ஏன் விடாம முள்ளுக்காட்டுக்குள்ளயே அடிச்ச?

— ஒவ்வொரு தடவையும் முள்ளுல நடந்துட்டு வர்றீகள்ல. ஒரு தடவையாச்சும் வாயைத் தொறப்பீகன்னு பாத்தேன்.

— நீ ராட்சசிடி.

— வாழைப்பழத்துல ஊசி ஏத்துனவக சொல்றீக. இடப்பக்கம் தள்ளுனா வலப்பக்கம் போகும்னு எப்படித் தெரிஞ்சுது?

— நீதான போன வருசம் சொன்ன.

— தூங்கிட்டீகன்னுல்ல நெனச்சேன்.

— கண்ணைத்தான் மூடிருந்தேன். நீ பேசுறது கேக்க நல்லா இருந்துச்சு.

— இதெல்லாம் நல்லாத்தான் பேசுறீக. போகாதன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான மச்சான்.

— சொன்னா நீ போக மாட்ட.

— அதைத்தான கேக்குறீக?

— இல்ல. நான் சொல்லி நீ நின்னுட்டேன்னா, ஆயுசுக்கும் என்னாலதான் நின்னேன்னு இருக்கும். சோத்தைப் போடையில கரண்டி சத்தத்துலயே அது தெரியும். பந்து போகலைன்னா பழி பந்து மேல போயிரும். நான் பாட்டுக்கு இருந்துக்கிருவேன்.

— நல்லா யோசிச்சீக.

— ராத்திரி பூரா யோசிச்சேன். பொட்டு வைக்கையில ஒவ்வொண்ணையும் விரலால அளந்து வச்சேன். சாமி முன்னாடி வேற.

— எனக்குப் போகணும் மச்சான். ஆசையா இருக்கு. ராஜப்ரியாவை விட நான் நல்லா வேலை பாக்குறேன், அது எனக்குத் தெரியும். உங்களை விட்டுட்டுப் போறதை நெனச்சாத்தான் ரயில்ல அழுகையா வருது. பெட்டியில எல்லாரும் பாக்குறாக.

— இரு, முள்ளை எடுத்துக்கிறேன்.

— அது அந்தக் காலு. ரத்தம் வர்றது இந்தக் காலு.

— ரெண்டுலயும் இருக்கு. பையைக் கொண்டா இங்குட்டு. எல்லாத்தையும் தொடைச்சிட்டுப் பழைய எடத்துலயே வச்சு விடுறேன்.

— குங்குமத்துக்கு வீட்டுக்குப் போகணும்.

— மடியில இருக்கு.

— குங்குமத்தை மடியில கட்டிக்கிட்டா பந்து பொறக்க வந்தீக?

— ரயிலுக்கு முன்னாடி மாத்திடலாம்னுதான். காலையிலருந்து மடியில கெடந்து அரிக்குது.

— அப்ப எதுக்கு வச்சீக?

— தெரியல காளி. ஒரு நாளாச்சும் நீ போக மாட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்து பாக்கலாம்னு தோணுச்சு.

— ...அழிச்ச எடத்துல பிசுக்கு இல்லாம வைங்க. வழுக்குனா கை தன்னால இறுகும்.

— வைக்கிறேன். கறை மேல சரியா வச்சாப் போதுமா?

— போதும்.

— இந்தா. ஏழாம் நம்பர் மட்டை முடிஞ்சுது. அடிச்சுப் பாரு.

— ...மடையைத் தாண்டிருச்சு மச்சான்.

— பாத்தேன். நல்ல தூரம். காளி.

— சொல்லுங்க.

— வயலை தம்பி சத்தியமூர்த்தி பாத்துக்கிருவான். டிராக்டரையும் அவன்தான் கேட்டுக்கிட்டே இருக்கான்.

— எதுக்கு இப்ப அவன் பேச்சு?

— சனிக்கிழமை நல்லா அடிச்சு முடிச்சதுக்கு அப்புறம், அந்தப் பெரியவர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. புல்லு வெட்டுற அந்த வண்டிக்கு ஓட்ட ஆளு எடுப்பாகளான்னு.